மிவா: சொல்லும் மலையும்

ஜப்பானின் நாரா மாகாணத்தில், சகுராய் நகரத்தில் இருக்கிறது மிவா மலை. உயரம் 467 மீட்டர். அதன் மேற்கு அடிவாரத்தில் உள்ள ஓமிவா கோவில், ஷிந்தோ கோவில்களுள் மிகப் பழையனவற்றில் ஒன்றாகக் கருதப்படுகிறது. பெயரின் முதலில் உள்ள 'ஓ' என்பதற்குப் 'பெரிய' என்று பொருள். எஞ்சிய 'மிவா'வுக்கு எழுத்திலும் பொருளிலும் பல வடிவங்கள் உண்டு.

இன்று ஊருக்கும் மலைக்கும் வழங்கும் வடிவம் 'மூன்று', 'வளையம்' என்னும் இரண்டு சீன எழுத்துகளால் ஆனது. இதற்குக் காரணமாகச் சொல்லப்படும் கதை, கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட கோஜிகியில் உள்ளது. இகுதமயோரி என்னும் பெண்ணிடம் இரவுதோறும் அழகிய இளைஞன் ஒருவன் வந்து போனான். அவள் கருவுற்றதும், வந்தவன் யாரென்று அறியப் பெற்றோர் ஒரு வழி சொன்னார்கள்: சணல் நூல் கோத்த ஊசியை அவன் ஆடை விளிம்பில் குத்திவிட வேண்டும். விடிந்து பார்த்தபோது நூல் கதவின் துளை வழியே வெளியே போயிருந்தது. நூலுருண்டையில் மிஞ்சியவை மூன்றே சுற்றுகள். நூலைத் தொடர்ந்து போனால் அது மிவா மலையின் கோவிலில் முடிந்தது. வந்தவன் மலையின் தெய்வமான ஓமோனோனுஷி. மூன்று சுற்று மிஞ்சியதால் இடத்துக்கு மிவா என்று பெயர் வந்தது என்கிறது கோஜிகி. ஆனால் கதையின் முடிவில் அதே கோஜிகி ஊர்ப்பெயரை 'அழகு', 'இணக்கம்' என்னும் எழுத்துகளால், ஒலிக்காக மட்டுமே எழுதுகிறது. ஒலி முதலில் இருந்தது, விளக்கம் பின்னால் வந்து சேர்ந்தது என்று கொள்ள இது இடம் தருகிறது.

பழைய ஜப்பானிய மொழியில் 'மிவா' என்றால் தெய்வத்துக்குப் படைக்கும் அரிசி மது என்றும் பொருள். எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷுவின் ஒரு பாடலில், வேறொரு கோவிலில் படைத்த மதுவையே 'மூன்று வளையம்' என்னும் எழுத்துகளால் எழுதியிருக்கிறார்கள். மிவாவுக்குக் கவிஞர்கள் தரும் மரபான அடைமொழியும் 'இன்மது' என்பதே. கி.பி. 720-இல் முடிந்த நிஹோன் ஷோகி, சுஜின் பேரரசர் காலத்தில் இகுஹி என்பவர் இத்தெய்வத்துக்கு மது வடிப்பவராக அமர்த்தப்பட்டதாகச் சொல்கிறது. இன்றும் நவம்பர் 14-இல் மது வடிப்போருக்கான விழா இங்கே நடக்கிறது. சைப்ரஸ் குடும்ப மரமான சுகியின் தழைகளால் கட்டிய பெரிய உருண்டையைப் புதிதாகத் தொங்கவிடுவார்கள். ஜப்பானிய மதுக்கூடங்களின் வாசலில் தொங்குவதும் அத்தகைய உருண்டைதான்.

கோவிலின் அலுவல் பெயரில் எழுத்து வேறு. அங்கே 'பெரிய', 'தெய்வம்' என்றே எழுதி 'ஓமிவா' என்று படிக்கிறார்கள். தெய்வத்தைக் குறிக்கும் அந்த எழுத்துக்கு வழக்கமான உச்சரிப்பு 'கமி'. பண்டைய யமாதோ நாட்டில் தெய்வம் என்றாலே மிவாவின் தெய்வம்தான் என்ற நிலை இருந்ததற்கு இந்த வாசிப்பைச் சான்றாகக் கொள்வர்.

கட்டடமும் இதையே காட்டுகிறது. வழக்கமாக ஷிந்தோ கோவிலில் தெய்வம் உறையும் கருவறை ஒன்று இருக்கும். இங்கே அது இல்லை. மலையே தெய்வத்தின் உடல். இப்போதுள்ள வழிபாட்டு மண்டபத்தை 1664-இல் ஷோகுன் தொகுகவா இயெத்சுனா கட்டுவித்தார். அதன் பின்னே, நடுவில் பெரியதும் இருபுறமும் சிறியவையுமாக மூன்று 'தோரீ' வாயில்கள் ஒன்றாக இணைந்து நிற்கின்றன. அவற்றுக்கு அப்பால் மலை. அடிவாரம், நடுப்பகுதி, உச்சி என மூன்று இடங்களில் தெய்வம் இறங்குவதாக நம்பப்படும் பாறைகள் உள்ளன. மலையேற விரும்புவோர் 'சாய்' என்னும் துணைக்கோவிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மலைமேல் உண்பதற்கும் படம் எடுப்பதற்கும் அனுமதி இல்லை.

ஓமோனோனுஷி பாம்பு உருவில் தோன்றுவதாக நிஹோன் ஷோகியின் இன்னொரு கதை சொல்கிறது. அதனால் மண்டபத்தின் முன்னுள்ள பழைய சுகி மரத்தில் பாம்பு உறைவதாக நம்பி, இன்றும் அதன் அடியில் முட்டையும் மதுவும் வைத்து வணங்குகிறார்கள்.