முன்னால் நடந்தவரின் பெயர் என்ன?

சிதறால் மலைக்கு மாணவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அங்குள்ள கல்வெட்டைப் பற்றிப் பேசாமல் இறங்குவதில்லை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கி குறத்தியார் என்ற சமணப் பெண் துறவி பகவதிக்குப் பொன் அணிகள் கொடுத்ததை அது சொல்கிறது. ஒரு பெண்ணின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் கல்லில் நிற்பது நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பாறையைச் செதுக்கியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது.

கடந்த முறை மேலே உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ஆப்பிரிக்கக் காட்டில் சஃபாரி. தனி ஜீப், தனி வழிகாட்டி, சிங்கத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். "இவ்வளவு காசு வாங்குறாங்களே, அந்தக் காடு யாரோடது?" என்று கேட்டார். அன்று பாதிப் பதில்தான் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

சஃபாரி என்பது சுவாஹிலிச் சொல். பயணம் என்று பொருள். அரபியின் 'சஃபர்' என்பதிலிருந்து வந்தது. அதைப் பணக்காரர்களின் வேட்டைப் பயணமாக உலகம் முழுக்கப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட். 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனார். அவரும் மகனும் சேர்ந்து சுட்டவை 500 விலங்குகளுக்கு மேல். தோலைப் பதப்படுத்த டன் கணக்கில் உப்பு, அவர் படிக்க ஒரு பெட்டி நிறையப் புத்தகம், கூடாரம், சாப்பாடு எல்லாவற்றையும் சுமந்து நடந்தவர்கள் 200க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள். தடம் பார்த்துச் சொன்னவர்களும் அவர்களே. அதே காலனி ஆட்சியில், காலங்காலமாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த ஆப்பிரிக்கர் விலங்கைப் பிடித்தால் அது குற்றம். வெள்ளையருக்கு உரிமம், கறுப்பருக்குச் சிறை.

இது தூரத்துக் கதை இல்லை. சிதறால் உச்சியிலிருந்து வடகிழக்கே தெரியும் மலைகளைப் பாருங்கள். அங்கே காணி மக்கள் வாழ்கிறார்கள். தேன், மெழுகு, மருந்து வேர், யானைத்தடம் என அந்தக் காட்டின் ஒவ்வொரு அசைவும் அவர்களுக்குத் தெரியும். திருவிதாங்கூர் அரசு தந்தத்தையும் ஏலத்தையும் தன் சொத்தாக வைத்துக்கொண்டது. பிறகு வனச் சட்டங்கள் வந்தன. காட்டில் பிறந்தவர்கள் காட்டில் இருக்க அனுமதி கேட்க வேண்டியவர்கள் ஆனார்கள். 1906இல் பேச்சிப்பாறை அணை எழுந்தது. கீழே வயல்களுக்கு நீர் கிடைத்தது. மேலே இருக்கும் காணிக் குடியிருப்புகள் சிலவற்றில் பிள்ளைகள் அணை நீரைப் படகில் கடந்துதான் பள்ளிக்கு வர வேண்டியிருக்கிறது.

1987 டிசம்பரில் நடந்ததை ஒவ்வொரு மாணவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அகத்தியமலையில், திருவனந்தபுரம் பக்கம், தாவரவியலாளர்களின் குழு ஒன்று மலை ஏறியது. வழிகாட்டிகளாகப் போனவர்கள் காணிகள். அறிவியலாளர்கள் களைத்து உட்கார, காணிகள் மட்டும் ஏதோ ஒரு சிறு காயைத் தின்றுகொண்டு சோர்வில்லாமல் நடந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு முதலில் அவர்கள் சொல்லவில்லை. அது அவர்கள் சமூகம் காத்துவந்த அறிவு. பிறகு மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி போன்றவர்கள் காட்டிக்கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. கோயம்புத்தூர் ஆயுர்வேத நிறுவனம் ஒன்று 10 லட்ச ரூபாயும் விற்பனையில் 2 விழுக்காடும் கொடுத்து உரிமம் வாங்கியது. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகம் பாராட்டியது. 2002இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த உலக மாநாட்டில் ஐ.நா. பரிசும் கிடைத்தது.

பாராட்ட வேண்டியதுதான். வழிகாட்டிகளுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஆனால் அந்தப் பங்கு பாதிதான். அதைத் தீர்மானித்த இடத்தில் காணிகள் இல்லை. அவர்களே அந்தச் செடியைப் பயிரிட்டு விற்க முயன்றபோது வனத்துறை குறுக்கே நின்றது. 1956இல் மாநில எல்லை பிரிந்தபோது அதே மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், நம் மாவட்டத்தில் இருக்கும் காணிகள் அந்த அறக்கட்டளையின் கணக்கில் வரவில்லை. காட்டின் மீது உரிமை இல்லாதவருக்கு அறிவுக்கான கூலி மட்டும் கிடைத்தால், அந்தக் கூலியும் நிலைப்பதில்லை.

இதற்கு மாறான ஒன்று ஆப்பிரிக்காவிலேயே நடந்தது. தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவின் வடக்கே மகுலேகே மக்கள் வாழ்ந்தார்கள். 1969இல் நிறவெறி அரசு சுமார் 3,000 பேரைத் துப்பாக்கி முனையில் வெளியேற்றியது. நிறவெறி ஆட்சி முடிந்த பிறகு அவர்கள் வழக்காடி, 1998இல் 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தைத் திரும்பப் பெற்றார்கள். அதை அவர்கள் அழிக்கவில்லை. காடாகவே வைத்துப் பூங்காவோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். அங்கே சஃபாரி விடுதி நடத்தும் தனியார் நிறுவனம் நிலத்தின் உரிமையாளர்களான மக்களோடு ஒப்பந்தம் போட வேண்டும். சஃபாரி அங்கேயும் இருக்கிறது, சிங்கமும் இருக்கிறது. பட்டா யார் பெயரில் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

தலித்துகளாகிய நாம் ஏன் இதைப் பேச வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். திருவிதாங்கூரில் 1855 வரை நம் முன்னோர் வயலோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். நாஞ்சில் நாட்டு நெல்லை விளைவித்த கைக்கு நிலம் இல்லை. நம் வரலாறும் காணிகளின் வரலாறும் ஒன்றல்ல. அவர்களுக்காக நாம் பேசிவிடவும் கூடாது. ஆனால் உழைப்பையும் அறிவையும் எடுத்துக்கொண்டு உரிமையை மறுக்கும் வழி இரண்டிலும் ஒன்றுதான். அதனால் அவர்கள் பேசும்போது பக்கத்தில் நிற்கும் கடமை நமக்கு இருக்கிறது.

சட்டம் இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(1), காட்டு மக்களுக்கு நிலத்தின் மீதும், சமூகக் காட்டின் மீதும், மரபறிவின் மீதும் உரிமை உண்டு என்கிறது. கிராம சபைதான் தொடக்கப் புள்ளி. இன்னொரு பக்கம், 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டம், நூல்களில் பதிவான மரபறிவைப் பயன்படுத்துவோருக்குப் பலன் பகிர்விலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. கொடுத்த கையே எடுக்கவும் செய்கிறது.

ஆகவே அடுத்த முறை மலையேற்றம் போகும் தோழர்கள், முன்னால் நடப்பவரின் பெயரைக் கேளுங்கள். நாள் கூலி எவ்வளவு, யார் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் ஊரில் வன உரிமைக் குழு இருக்கிறதா, மனு கொடுத்தார்களா, பட்டா வந்ததா என்று கேளுங்கள். வரவில்லை என்றால், அந்த மனு எந்த அலுவலகத்தில் கிடக்கிறது என்று தேடுவதில் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

அந்த மாணவி இப்போது பேச்சிப்பாறைப் பக்கம் போய்வரத் தொடங்கியிருக்கிறார். வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைக் கேட்டார். கொடுத்திருக்கிறோம்.

ஜெய்பீம்.