மிட்லாண்ட்: மண்ணுக்கு எத்தனை விறைப்பு?

அணு உலை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது செர்னோபில், ஃபுகுஷிமா. இந்தக் குறிப்பு ஒரு நாள்கூட ஓடாத அணுமின் நிலையத்தைப் பற்றியது. அங்கே விபத்து எதுவும் நடக்கவில்லை. கட்டடங்கள் சில அங்குலம் இறங்கின, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சில அங்குலங்களைப் பற்றி வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. அந்த விசாரணையின் நடுவில் இருந்த கேள்வி, மண் எவ்வளவு விறைப்பானது என்று நாம் எடுத்துக்கொள்வது என்பதுதான்.

இடம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மிட்லாண்ட். டௌ கெமிக்கல் கம்பெனியின் சொந்த ஊர். கன்ஸ்யூமர்ஸ் பவர் என்ற மின் நிறுவனம் அங்கே இரண்டு உலைகள் கட்டி, மின்சாரத்தோடு கூடவே டௌ ஆலைக்கு நீராவியும் விற்பதாக ஒப்பந்தம். வடிவமைப்பும் கட்டுமானமும் பெக்டெல். 1972 டிசம்பரில் கட்டுமான அனுமதி கிடைத்தது. இடம் ஆற்றங்கரைத் தாழ்நிலம் என்பதால் சுமார் 30 அடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கினார்கள். அடியில் இருந்தது பனியாறுகள் ஒரு காலத்தில் அரைத்து அழுத்திவிட்டுப் போன களிமண். அது இறுகிக் கல் மாதிரி இருக்கும், அதன் மேல் எதையும் நிறுத்தலாம். உலைகளின் கூடுகள் அதன் மேல்தான் நின்றன. ஆனால் எல்லாக் கட்டடத்தையும் அவ்வளவு ஆழத்துக்கு இறக்க முடியுமா? சில கட்டடங்கள் முழுசாகவும் சில பாதியாகவும் கொட்டின மண்ணின் மேல் உட்கார்ந்தன. அந்த மண் சரியாகத் திமிசு போடப்பட்டிருந்தால் பிரச்சினை இல்லை. போடப்படவில்லை.

முதல் அறிகுறி 1977-லேயே வந்தது. நிர்வாகக் கட்டடத்தின் ஒரு தரை உத்தரம் இறங்கியது. பக்கத்தில் ஓரிரு இடத்தில் துளை போட்டுப் பார்த்துவிட்டு, அது அந்த இடத்தின் குறை மட்டும் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் கோடையில் டீசல் ஜெனரேட்டர் கட்டடம் இறங்க ஆரம்பித்தது. வெளி மின்சாரம் போனால் உலையைக் குளிர்விக்கும் பம்புகளுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டிய கட்டடம் அது. அதனால் அதன் சுவரில் வரும் விரிசலை ஒரு குடோன் சுவரின் விரிசல் மாதிரிப் பார்க்க முடியாது. 40 வருஷ ஆயுளில் எவ்வளவு இறங்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்களோ, கட்டி முடிவதற்குள்ளேயே அதைத் தாண்டிவிட்டது.

இறங்கியதைவிட, சமமாக இறங்காததுதான் சேதம் செய்தது. கட்டடத்தின் வடபக்க அடியில் மின் கேபிள்களுக்கான கான்கிரீட் உறைகள் செங்குத்தாக மேலேறி வந்தன. அஸ்திவாரம் இறங்கி அவற்றின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற இடமெல்லாம் மண்ணோடு இறங்க, அந்த இடங்கள் மட்டும் முட்டுக்கொடுத்து நின்றன. தளர்ந்த கயிற்றுக் கட்டிலுக்கு நடுவில் அடியிலிருந்து ஒரு உரலை நிறுத்தினால் எப்படி இருக்கும், அப்படி. 1978 கடைசியில் அந்த உறைகளை அஸ்திவாரத்திலிருந்து வெட்டிப் பிரித்தார்கள். உடனே அந்தப் பக்கம் வேகமாக இறங்கிச் சமமாகப் பார்த்தது.

இந்தச் சமயத்தில் ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வாளர்கள் வந்து கணக்குத் தாள்களைக் கேட்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் உறுத்துவது அங்கே கிடைத்த விஷயங்கள்தான். இறக்கத்தைக் கணக்கிட்டவர் கட்டடம் முழுக்க ஒரே கான்கிரீட் பாயின் மேல் நிற்பதாக வைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் சுவர்களின் அடியில் நீள நீளமான பட்டை அஸ்திவாரம்தான். மண்ணின் அமுங்கும் தன்மைக்கு அரசுக்குக் கொடுத்த பாதுகாப்பு அறிக்கையில் இருந்த எண் 0.003. கணக்கில் போட்டது 0.001. அதாவது அறிக்கையில் சொன்னதைவிட மூன்று மடங்கு விறைப்பான மண். என்ன மண் கொட்டப்பட்டது என்பதிலும் அறிக்கை சொன்னது ஒன்று, களத்தில் கிடந்தது வேறு. அறிக்கையில் கட்டுப்பாட்டோடு இறுக்கிய களிமண். களத்தில் கிடைத்த மண்ணெல்லாம் கலந்த நிரப்பு. 1979 டிசம்பர் 6 அன்று ஆணையம் கட்டுமான அனுமதியைத் திருத்தி உத்தரவு போட்டபோது இந்தப் பொய்க் கூற்றையும் ஒரு காரணமாகச் சேர்த்தது.

மண்ணின் விறைப்பு என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம். 1867-ல் விங்க்ளர் ஒரு சுலபமான வழி சொன்னார். அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாகத் தனித்தனி ஸ்பிரிங்குகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு அழுத்தினால் இவ்வளவு இறங்கும். இன்றைக்கும் பெரும்பாலான கட்டடக் கணக்குகள் இந்த வழியில்தான் ஓடுகின்றன. சிக்கல் என்னவென்றால், அந்த ஸ்பிரிங் எண் மண்ணுடைய குணம் மட்டும் இல்லை. 1955-ல் டெர்சாகி இதையே கட்டுரையாக எழுதி எச்சரித்தார். ஒரு அடி அகலத் தட்டை வைத்து அழுத்திக் கிடைத்த எண்ணை 30 அடி அகல அஸ்திவாரத்துக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது. தட்டு அகலமாக ஆக, அழுத்தம் ஆழமாகப் போகும், ஸ்பிரிங் தளர்ந்து தெரியும். மண் அதேதான், எண் மட்டும் மாறும். காலமும் அப்படித்தான். பூகம்பத்தில் ஒரு நொடிக்குள் வந்துபோகும் சிறு அசைவுக்கு மண் ரொம்ப விறைப்பு. ஒரு வாரம் சுமை வைத்தால் அதைவிடத் தளர்வு. 40 வருஷம் வைத்தால் இன்னும் தளர்வு. ஆக, ஒரே மண்ணுக்கு மூன்று எண்கள், மூன்றும் சரி.

சரி, டீசல் கட்டடத்துக்கு என்ன செய்தார்கள்? ரால்ஃப் பெக்கைக் கூப்பிட்டார்கள். டெர்சாகியோடு சேர்ந்து மண் இயந்திரவியல் பாடப்புத்தகம் எழுதியவர். கூடவே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஹெண்ட்ரன். அவர்கள் யோசனை எளிமையானது. எண்ணைப் பற்றிச் சண்டை வேண்டாம், மண்ணையே கேட்டுவிடலாம். 1979 ஜனவரியிலிருந்து கட்டடத்தின் உள்ளேயும் சுற்றியும் 20 அடி உயரத்துக்கு மணலைக் கொட்டினார்கள். கட்டடம் தன் வாழ்நாளில் கொடுக்கப்போகும் அழுத்தத்தைவிட அதிகம். இறக்கத்தை நாள்தோறும் அளந்து, காலத்தை மடக்கை அளவில் வைத்து வரைந்தார்கள். கோடு நேராக ஓட ஆரம்பித்ததும், தண்ணீர் பிழிந்து போகும் வேலை முடிந்தது, இனி மெதுவாக ஊர்வது மட்டும்தான் பாக்கி என்று படித்துக்கொண்டு ஆகஸ்டில் மணலை எடுத்தார்கள். ஒரு தடவை நல்ல பாரம் தாங்கின மண், அதைவிடக் குறைந்த பாரத்துக்கு மறுபடி அவ்வளவு இறங்காது. பெக் வாழ்நாள் முழுக்கப் பேசிய கண்காணித்துச் செய்யும் முறை இதுதான்.

ஆணைய ஊழியர்களும் அவர்களுக்கு ஆலோசனை சொன்ன ராணுவப் பொறியாளர் படையும் இதை அப்படியே ஏற்கவில்லை. மணலை எடுத்த பிறகு துளை போட்டு மாதிரி எடுங்கள், ஆய்வகத்தில் சோதியுங்கள் என்றார்கள். நிறுவனம் ரொம்ப நாள் முரண்டு பிடித்தது. முழு அளவில் சோதனை செய்தாச்சு, இனி கையளவு மண்ணை வைத்து என்ன தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். விஞ்ஞானமாகப் பார்த்தால் பெக் சொன்னதுதான் வலுவானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 0.001 என்று போட்ட அதே தரப்பு வந்து எங்களை நம்புங்கள் என்கிறபோது, எதிரில் இருப்பவர் துளை போடச் சொல்வதில் தப்பு என்ன? கடைசியில் துளை போட்டார்கள்.

வேறொரு வேடிக்கையும் நடந்தது. அளந்த இறக்கங்களை அப்படியே கம்ப்யூட்டர் மாதிரிக்குள் போட்டால், சுவரில் கம்பிகள் எல்லை தாண்டி இழுபட்டிருக்க வேண்டும் என்று விடை வந்தது. நேரில் போய்ப் பார்த்தால் விரிசல் அவ்வளவு இல்லை. விறைப்பான கான்கிரீட் பெட்டிக்கு ஒரு முனையில் ஒரு நூல் அளவு தப்பாகச் சொன்னாலே கணக்கில் பெரிய விசை வந்துவிடும். அளவுப் பிழையே அதற்குப் போதும். அதனால் வடிவமைப்பாளர்கள் புள்ளிகளின் நடுவே நேர்க்கோடு போட்டு, கட்டடம் வளையாமல் சாய்ந்தது என்று எடுத்துக்கொண்டார்கள். வளைவை அழித்துவிட்டு வளைவு இல்லை என்கிறார்களே என்று எதிர்த்தரப்பு கேட்டது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. விஷயம் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகம் வரைக்கும் போய்த் திரும்பியது.

டீசல் கட்டடம் முழுக்க நிரப்பு மண்ணில் நின்றதால் மணல் வைத்தியம் செல்லுபடியானது. பாதி களிமண்ணிலும் பாதி நிரப்பிலும் நின்றவைதான் பெரிய தலைவலி. இரண்டு உலைகளுக்கும் நடுவில் இருந்த துணைக் கட்டடத்தின் உடல் பழைய களிமண்ணில் இருந்தது. கட்டுப்பாட்டு அறைக் கோபுரமும் கேபிள்கள் உலைக்குள் நுழையும் இரண்டு சிறகுகளும் நிரப்பில் இருந்தன. தண்ணீர் பம்புக் கட்டடமும் அதே மாதிரி. இவற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, நிரப்பை அகற்றி, களிமண் வரைக்கும் புது கான்கிரீட் தூண்களும் சுவரும் இறக்க முடிவு செய்தார்கள். நிலத்தடி நீர் உள்ளே வராமல் தடுக்கச் சுற்றி மண்ணையே உறைய வைத்து ஒரு பனிச்சுவர். சிறகுகளின் தலையில் இழுகம்பி போட்டுத் தற்காலிகமாகக் கட்டிவைத்தார்கள். நீர்க்குழாய் வால்வுகள் இருந்த குழிகளை மேலிருந்து தொங்கவிட்டார்கள்.

புதுக் கட்டடத்தில் மண் எண் சந்தேகமாக இருந்தால் பொறியாளர் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். நிற்கிற கட்டடத்துக்கு அடியில் அந்தச் சௌகரியம் கிடையாது. புதுத் தூணின் அடி மண்ணைத் தளர்வு என்று எடுத்தால், சிறகு உடலைப் பிடித்துத் தொங்குவதாகக் கணக்கு வரும். இணைப்பில் விசை அதிகம், அதற்குப் பலப்படுத்த வேண்டும். விறைப்பு என்று எடுத்தால் சுமை தூணுக்குப் போய்விடும், இணைப்பு நிம்மதியாக இருப்பதாகக் காகிதத்தில் தெரியும், தூணும் அதன் அடியும் கூடுதல் சுமை வாங்கும். எது பாதுகாப்பான பக்கம்? பக்கமே இல்லை. உடலின் அடியில் இருக்கும் மண்ணுக்கும் தூணின் அடியில் இருக்கும் மண்ணுக்கும் உள்ள விகிதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. போதாததற்கு உடலின் அடி மண் பல வருஷமாகச் சுமை வாங்கி இறங்கி முடித்தது. தூணின் அடி மண் இன்றைக்குத்தான் முதல் சுமையைப் பார்க்கிறது.

இதற்குக் கட்டுமானத் தொழிலில் உள்ள பழைய பதில் ஜாக்கி. தூணின் தலைக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து, தேவையான சுமையை முதலிலேயே கொடுத்து, அடி மண் அமுங்கி ஓய்கிற வரைக்கும் பிடித்துவைத்து, பிறகு ஆப்பு அடித்துப் பூட்டுவது. அப்போது சுமை ஜாக்கி மீட்டரில் தெரிகிற நிஜ எண். மண் எண் தப்பாக இருந்தாலும் அன்றைக்குச் சுமை தப்பாது. பூட்டிய பிறகு வரும் 40 வருஷ ஊர்தலுக்கும் பூகம்பத்துக்கும் மட்டும் ஊகம் தேவை. மிட்லாண்டிலும் ஒவ்வொரு தூணாக இறக்கி, ஜாக்கி கொடுத்து, கட்டடம் எங்கே எவ்வளவு அசைகிறது என்று அளந்துகொண்டே போகும் திட்டம்தான்.

ஆனால் அதற்குள் அளக்கிறவர்மேல் நம்பிக்கை போய்விட்டிருந்தது. மேரி சின்க்ளேரும் பார்பரா ஸ்டாமிரிஸும் விசாரணையில் ஒரு தரப்பாக உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவர்கள் அந்த வட்டாரத்துப் பெண்மணிகள். 1982-ல் விசாரணைக் குழு, ஆணைய ஊழியர்களின் முன் அனுமதி இல்லாமல் மண் வேலை எதுவும் தொடங்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. 1983-ல் டௌ ஒப்பந்தத்திலிருந்து விலகியது. ஆரம்பத்தில் 26.7 கோடி டாலர் என்று சொன்ன திட்டம் 400 கோடியைத் தாண்டி, 85 சதவீதம் முடிந்த நிலையில் 1984 ஜூலையில் நின்றது. மண் மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. வட்டி, மின் தேவை குறைந்தது, த்ரீ மைல் ஐலண்டுக்குப் பிறகு வந்த விதிகள் எல்லாம் சேர்ந்தன. 1990-ல் அதே இடத்தில் இயற்கை எரிவாயு மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. டௌவுக்கு அது இன்றும் நீராவி தருகிறது.

மண் விவகாரத்தில் விசாரணைக் குழுவின் தீர்ப்பு 1985 ஜனவரியில் வெளிவந்தது. வேலை நின்று ஆறு மாசம் ஆகியிருந்தது.