எந்தப் புத்தகம்னு யார் முடிவு பண்றது?

எல்.பி. ரெக்கார்டு தெரியும்தானே? நம்ம வீட்டுப் பெரியவர்கள் பாட்டுக் கேட்ட அந்தப் பெரிய கறுப்புத் தட்டு. கொலம்பியா கம்பெனி அதைக் கடைக்குக் கொண்டுவந்து ஜெயித்தது 1948இல். ஆனால் 14 வருஷம் முன்னாடியே அதே மெதுவான வேகத்தில் சுழலும் தட்டுகளை அமெரிக்காவில் ஒரு கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தது. பாட்டு இல்லை, புத்தகம்! கேட்டவர்கள் பார்வையற்ற வாசகர்கள்.

அன்றைய சாதாரண இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலைந்து நிமிஷம்தான் ஓடும். அதில் நாவல் படித்தால் விடிஞ்சிடும். அதனால் சுழலும் வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கத்தில் கால் மணி நேரம் ஓடுகிற தட்டுகளைச் செய்தார்கள். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 1934இல் இவற்றை இரவல் கொடுக்க ஆரம்பித்தது. மறு வருஷம் பிரிட்டனிலும் வந்தது. அங்கே முதல் புத்தகங்களில் ஒன்று அகதா கிறிஸ்டி.

அமெரிக்காவின் முதல் பட்டியலைப் பாருங்கள்: பைபிளின் பகுதிகள், சுதந்திரப் பிரகடனம், அரசியல் சாசனம், ஷேக்ஸ்பியர்... கூடவே கொஞ்சம் கதைகள். எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், இல்லேன்னு சொல்லலை. ஆனா அதைத் தேர்ந்தெடுத்தது யாரு? படிக்கப் போகிறவர் இல்லை.

பிரெய்லிலும் இதே கதைதான். 1824இல் 15 வயசுப் பையன் லூயி பிரெய்ல் ஆறு புள்ளிகளில் ஒரு எழுத்து முறையைக் கண்டுபிடித்தது பெரிய புரட்சி, சந்தேகமே இல்லை. அதுவரைக்கும் பெரும்பாலும் விரலால் தடவிப் படிக்கத்தான் முடிந்தது, பிரெய்லில் எழுதவும் முடிந்தது. ஆனால் ஒரு சாதாரண புத்தகம் பிரெய்லுக்குப் போனால் பல தொகுதிகளாக வீங்கிவிடும். செலவு, இடம், உழைப்பு எல்லாம் அதிகம். ஆக, எதை அச்சடிக்கலாம்னு யாரோ ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ண வேண்டியிருந்தது.

நூலகத்துக்குப் போய் அலமாரியில் கைக்கு வந்ததை உருவிப் படிக்கிற சுகம் நமக்கெல்லாம் தெரியும். அது அவர்கள் பக்கமும் வந்தது 1976 ஜனவரியில். ரே கர்ஸ்வைல் என்பவர் ஒரு வாசிப்பு இயந்திரத்தை அறிமுகப்படுத்தினார். ஒரு மேஜை முழுக்க அடைத்துக்கொள்ளும் சாதனம். புத்தகத்தைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால், பக்கத்தைப் படமெடுத்து, எழுத்துகளை அடையாளம் கண்டு, குரலில் வாசிக்கும். எந்த ஃபான்டில் அச்சடித்திருந்தாலும் சரி. பாடகர் ஸ்டீவி வொண்டர் தொலைக்காட்சியில் கேள்விப்பட்டு வந்து, ஒன்றை வாங்கி டாக்ஸியில் வைத்து எடுத்துக்கொண்டு போனாராம்! நாம் இன்றைக்கு ஆபீசில் உபயோகிக்கும் ஸ்கேனருக்கும் ஓசிஆருக்கும் இந்த இயந்திரம் ஒரு முன்னோடி.

என்னைப் பொறுத்தவரை இங்கே பெரிய விஷயம் தொழில்நுட்பம் இல்லை. மட்டமான துப்பறியும் கதையா, சொந்தக் கடிதமா, என்ன படிக்கிறோம்னு யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்தத் தனிமைதான் பெரிய விஷயம்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. 1989இல் டாஸுக்காக ஜாஸ் என்ற திரைவாசிப்பான். விலை அதிகம். 2006இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் என்விடிஏவை உருவாக்கி இலவசமாகவே கொடுத்தார்கள்.

சரி, நம்ம தமிழுக்கு வருவோம். ஒரு காலத்தில் ஆளுக்கொரு ஃபான்ட் வைத்து எழுதினோமே, ஞாபகம் இருக்கா? பாமினியில் ‘அம்மா’ன்னு அடித்தால் நம் கண்ணுக்கு அம்மா. கம்ப்யூட்டருக்கு அது எம், கே, செமிகோலன், கே, ஹெச்! திரைவாசிப்பான் அப்படித்தான் உளறும். யூனிகோடில் அடித்தால்தான் தமிழாக வாசிக்கும். எந்த ஃபான்ட் முறை நல்லதுன்னு அன்றைக்குப் போட்ட சண்டையில் இப்படி ஒரு தரப்பு இருந்ததை எத்தனை பேர் யோசித்தோம்?

சட்டமும் மெதுவாகத்தான் வந்தது. 2012இல் இந்தியக் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு ஒரு புத்தகத்தை மாற்றப் பதிப்பாளரிடம் அனுமதி கேட்டு நிற்கத் தேவையில்லை என்றானது. இதற்கான உலக ஒப்பந்தம் 2013இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தானது. 2014இல் அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. (இதில் நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) 2016இல் ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்ற இணைய நூலகமும் வந்தது. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்குத் தனிப் பிரிவே உண்டு.

ஆனால் ஒரு அறையில் நாலு கம்ப்யூட்டர் போட்டு மென்பொருளை நிறுவி ரிப்பன் வெட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அதில் வாசிக்கத் தமிழ்ப் புத்தகம் வேண்டாமா? வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப், திரைவாசிப்பானுக்கு வெள்ளைத் தாள் மாதிரிதான். தமிழ் ஓசிஆர் இப்போது இருக்கிறது, ஆனால் மங்கிய பழைய அச்சில் தடுமாறும். மனிதர் ஒருவர் உட்கார்ந்து பிழை திருத்தியே ஆகவேண்டும்.

அதுவரைக்கும் எந்தத் தமிழ்ப் புத்தகத்தைப் படிக்கலாம்னு அவங்களுக்காக வேற யாரோதான் முடிவு பண்ணிக்கிட்டு இருப்பாங்க, 1934 மாதிரியே. உங்க கையில் பழைய ஃபான்டில் அடித்த கதை, கட்டுரை ஏதாவது தூங்கிக்கொண்டிருந்தால் யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். அரைமணி நேர வேலைதான். ஒரு புத்தகம் கூடும்.