படகு இழுத்த பாதை

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து கொருக்குப்பேட்டைப் பக்கம் போகிறவர்கள் 'காக்ரேன் பேசின் சாலை' என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள். பேசின் பாலம் என்ற பெயரோ சென்னையில் எல்லோருக்கும் தெரிந்தது. காக்ரேன் யார்? பேசின் எது?

பேசின் என்பது படகுகள் வந்து நின்று சரக்கு இறக்குவதற்காக வெட்டப்பட்ட நீர்த்துறை. பேசில் காக்ரேன் என்பவர் ஸ்காட்லாந்துக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றி, வணிகத்திலும் பெரும்பொருள் ஈட்டியவர். அவருடைய முதலீட்டில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்திற்கு ஓர் உப்புநீர்க் கால்வாய் 1806-இல் வெட்டி முடிக்கப்பட்டது. மக்கள் அதைக் காக்ரேன் கால்வாய் என்றே அழைத்தார்கள். 1837-இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது பழவேற்காட்டைக் கடந்து வடக்கே வளர்ந்தது. 1876–78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தின்போது, கூலி கொடுத்துப் பசியாற்றும் நிவாரண வேலையாகக் கூவத்திற்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் 8 கிலோமீட்டர் வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. வெட்டியவர்கள் பெயர் எதிலும் இல்லை.

இவ்வளவும் பல நூல்களில் உள்ள செய்திதான். நாம் இங்கே பார்க்கப் போவது தண்ணீரை அல்ல, அதன் கரையை.

இயந்திரம் இல்லாத அந்தக் காலத்தில் படகு எப்படி நகர்ந்தது? காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கோல் ஊன்றித் தள்ளுவார்கள். மற்ற வேளைகளில் படகில் ஒரு நீண்ட கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்கள் கரையோரமாக நடந்து இழுப்பார்கள். மனிதன் டன் கணக்கான பாரத்தை இழுக்க முடியுமா என்று வியக்க வேண்டாம். மெதுவாகச் செல்லும் படகுக்குத் தண்ணீர் தரும் தடை மிகக் குறைவு. வேகம் இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். நடை வேகத்திலோ அது ஒரு பொருட்டே அல்ல. சாலையில் ஒன்றிரண்டு டன் இழுக்கும் ஒரு குதிரை, கால்வாயில் 30 டன் படகை இழுத்துவிடும்.

இப்படி இழுப்பதற்குக் கரையில் ஒரு பாதை வேண்டும். அது தண்ணீரை விட்டு விலகக் கூடாது. மேடும் பள்ளமும் இருக்கக் கூடாது. கயிற்றில் சிக்கும்படி நீருக்கும் பாதைக்கும் நடுவே மரமோ குடிசையோ நிற்கக் கூடாது. இதை இழுபாதை என்று சொல்லலாம். சென்னையின் அடுப்புகளில் எரிந்த சிறீஹரிகோட்டாச் சவுக்கு விறகும், பழவேற்காட்டுச் சுண்ணாம்புக் கிளிஞ்சலும், உப்பும் இந்தக் கால்வாய் வழியாக, இப்படி நடந்த கால்களின் உழைப்பால்தான் வண்ணாரப்பேட்டைக்குப் பின்புறம் வந்து சேர்ந்தன.

இனி, கடல் கடந்து பிரான்சு நாட்டின் தென்மேற்குப் பகுதிக்குப் போவோம். ஏனெனில் நம் இழுபாதையின் உடன்பிறப்பு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. கரோன் என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கு அது. திராட்சையும் பழமரங்களும் விளையும் நாட்டுப்புறம். அங்கே துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடல் நோக்கி 240 கிலோமீட்டர் நீளமுள்ள மிதி கால்வாயை ரிக்கே என்பவர் 1666-இல் தொடங்கினார். 1681-இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. துலூஸிலிருந்து மறுபக்கம் கரோன் ஆற்றை ஒட்டியே வெட்டப்பட்ட இன்னொரு கால்வாய் 1856-இல் முடிந்தது. இரண்டிலும் படகை இழுத்தவை பெரும்பாலும் குதிரைகள். இன்று அந்தக் குதிரைப் பாதையில் ஓடுவது சைக்கிள். குடும்பம் குடும்பமாகப் பல நாள் பயணம் போகிறார்கள்.

அந்நாட்டின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒட்டிய குன்றுகளில், தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிள்களுக்கென்றே தனித் தடங்களும் உண்டு. பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்ற வண்ணக் குறிகளால் அவற்றின் கடினத்தைக் காட்டுகிறார்கள். பச்சை மிக எளிது, கருப்பு மிகக் கடினம். ஆனால் சிறுவரும் முதியவரும் இழுபாதையைத்தான் நாடுகிறார்கள். ஏன் தெரியுமா? ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். நூறு அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம், கண்ணுக்கே தெரியாத ஏற்றம், அவரைச் சுமார் 0.9 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் பின்னால் இழுக்கும். இறுகிய மண்பாதையில் சக்கரம் உருளுவதற்கான தடையும் ஏறத்தாழ அவ்வளவே. அதாவது அந்தச் சிறு ஏற்றமே மிதிப்பவரின் வேலையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். கால்வாய்க் கரையில் இந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் மட்டமாக நிற்பதால் கரையும் மட்டமாகவே இருந்தாக வேண்டும் அல்லவா?

இரண்டு நாட்டுக் கால்வாய்களுக்கும் எதிரி ஒன்றே: இரயில். கரோன் கால்வாய் முடிந்த அதே 1856-இல், ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா நோக்கித் தென்னிந்தியாவின் முதல் பயணி இரயில் புறப்பட்டது. அங்கே 1858-இல் இரயில் கம்பெனியே கால்வாயைக் குத்தகைக்கு எடுத்தது. போட்டியாளனின் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். நாற்பது ஆண்டுகள் கழித்து அரசு அதை மீட்டது. அப்போதும் சரக்குப் போக்குவரத்து முழுமையாக மீளவில்லை. ஆனால் கரை நிலம் கால்வாயின் உடைமையாகவே காக்கப்பட்டது. படகு ஓய்ந்த பிறகும் பாதை மிஞ்சியது.

நம் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் முடிவில் வடக்கே செல்லும் இரயில் பாதை கால்வாய்க்கு இணையாகவே வந்துவிட்டது. ஆயினும் விறகுப் படகுகள் பல ஆண்டுகள் ஓடின. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. படகு நின்றதும் இழுபாதைக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை இல்லாத நிலம் நகரத்தில் நெடுநாள் காலியாகக் கிடக்குமா? துறைமுகத்திற்கும் ஆலைகளுக்கும் உழைக்க வந்து, வேறு இடம் கிடைக்காதவர்கள் கரையில் குடிசை போட்டார்கள். பழியை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது எளிது. ஆனால் சாக்கடையைக் கால்வாயில் திருப்பிவிட்டது நகரம் முழுவதும்தான். நகரின் நடுப்பகுதியில் 1990-களில் கட்டப்பட்ட பறக்கும் இரயிலின் தூண்களும் இதே கால்வாயில்தான் ஊன்றப்பட்டன. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியின் எண்ணெய் இந்தக் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து, மீனவர்களின் வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது.

2008-இல் இக்கால்வாய் தேசிய நீர்வழி எண் 4-இன் ஒரு பகுதியாக அறிவிக்கப்பட்டது. அந்தப் பெயரில் நீர் இருக்கிறது, வழி இருக்கிறது, கரை இல்லை.

பள்ளி மாணவர்கள் சென்னை வரைபடத்தை விரித்து, பேசின் பாலத்திலிருந்து வடக்கே அந்த நீலக் கோட்டைத் தொடர்ந்து பார்க்கலாம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையின் மேற்கு ஓரம், எர்ணாவூர் என்று அது எண்ணூரை அடைகிறது. காக்ரேன் வெட்டிய அந்த 11 மைல் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மணிக்கு 12 கிலோமீட்டர் என்று நிதானமாக மிதித்தாலும் ஒன்றரை மணி நேரம். வழியில் ஓர் ஏற்றமும் இல்லை.