ஒரே இயக்கி, இரண்டு உணரிகள்: அமைவு விருப்பங்களை எங்கே வைப்பது?

1. களம்

மலேசியாவின் கேமரன் மலையில் ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். பறித்த கொழுந்தைத் தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்றை ஏற்றி வாட்டுவது கறுப்புத் தேயிலையின் முதல் படி. மூடுபனி இறங்கும் மலையில் வெளிக்காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும். அப்போது சூடான காற்றைக் கலக்க வேண்டிவரும்.

கொழுந்துக்குக் கீழே ஓர் ஈரப்பத உணரி, மேலே மற்றொன்று என வைத்துக்கொள்வோம். (எந்தத் தோட்டத்தையும் குறித்ததன்று இந்த எடுத்துக்காட்டு.) இரண்டும் சென்சிரியன் நிறுவனத்தின் எஸ்எச்டி3எக்ஸ் வகை. இலை இன்னும் எவ்வளவு ஈரம் விடுகிறது என்பதை இரண்டின் வித்தியாசம் காட்டும். சூடு கலக்கும்போது கீழ்க்காற்று சட்டென மாறுவதால் அங்கே அடிக்கடி அளக்க வேண்டும். மேலே மாற்றம் மெதுவானது. நிதானமாக அளந்தால் போதும். வன்பொருள் ஒன்றே, தேவை வேறு.

2. ஜெஃபிர்: தொகுக்கும்போதே முடிவு

லினக்ஸ் அறக்கட்டளை 2016இல் அறிவித்த ஜெஃபிர், சிறு கருவிகளுக்கான இயங்குதளம். அதில் அமைவுகளுக்கு இரண்டு இடங்கள் உண்டு. வன்பொருள் விவரமும் அதன் தொடக்க நிலையும் டிவைஸ்ட்ரீயில் இருக்கும்; எந்த மென்பொருள் வசதி சேர வேண்டும் என்பதை கேகான்ஃபிக் சொல்லும். பலகையில் ஒரே மாதிரி இரண்டு சீரியல் போர்ட்கள் இருந்தால் இயக்கி வேண்டுமா என்பது கேகான்ஃபிக்கின் கேள்வி. ஒவ்வொன்றின் தொடக்க வேகம் டிவைஸ்ட்ரீயின் செய்தி. ஜெஃபிரின் ஆவணமே இப்படித்தான் பிரிக்கிறது.

நம் உணரிக்கான ஜெஃபிர் இயக்கியில் இந்தப் பிரிவு பாதியிலேயே நின்றுவிட்டது. முகவரி (பதினறும எண் 44 அல்லது 45) டிவைஸ்ட்ரீயில் சரியாக அமர்ந்திருக்கிறது. ஆனால் தேவைக்கு ஒருமுறை அளப்பதா, தொடர்ந்து அளப்பதா, நொடிக்கு எத்தனை முறை, எவ்வளவு துல்லியம் என்பவை கேகான்ஃபிக்கில் வகுக்கப்பட்டன. கேகான்ஃபிக் முழு மென்பொருளுக்கும் பொதுவானது என்பதால் கீழ் உணரிக்கு நொடிக்கு நான்கு என்று முடிவு செய்தால் மேல் உணரிக்கும் நான்குதான். மாற்றுவதானால் மறுபடி தொகுத்துப் பலகையில் ஏற்ற வேண்டும்.

நினைவகத்தை மிச்சப்படுத்தவே இப்படி வைத்திருப்பார்கள் எனலாம். வேண்டாத கிளைகள் தொகுப்பிலேயே உதிர்ந்துவிடுவது உண்மைதான். ஆனால் சேமிப்பு சிறிதே. அதற்கு ஈடாகத் தருவது பெரிது. இயக்கியைச் சேர்ப்பதா என்பது வகைக்கான கேள்வி. எப்படி அளப்பது என்பது ஒவ்வோர் உணரிக்குமான கேள்வி. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதே இங்குள்ள கோளாறு.

3. லினக்ஸ்: ஓடும்போது முடிவு

இதே உணரிக்கான லினக்ஸ் இயக்கி, அளவீடுகளுக்கு இடையிலான இடைவெளியை ஒவ்வோர் உணரிக்கும் தனிக் கோப்பாக சிஸ்எஃப்எஸ் என்ற மெய்நிகர் கோப்பமைப்பில் வைக்கிறது. மறுதொகுப்பு வேண்டாம், தொழிற்சாலையிலேயே மாற்றலாம். உணரிக்கு ஒத்த இடைவெளிகள் மில்லி நொடியில் 2000, 1000, 500, 250, 100. சுழியம் கொடுத்தால் மிக வேகமாக அளக்கும் என்று புதியவர் நினைப்பார். அதன் பொருளோ கேட்டால் மட்டும் அளப்பது.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றுண்டு. உணரிக்கு ஒவ்வாத எண்ணைக் கொடுத்தால் இயக்கி மறுப்பதில்லை. அடுத்த வேகமான இடைவெளியைத் தானே தேர்ந்துகொள்கிறது. 700 என்று எழுதினால் கிடைப்பது 500. மின்சாரத்தை மிச்சம்பிடிக்க 60,000 என்று எழுதியவருக்கு 2000 கிடைக்கும்; பிழைச்செய்தி வராது. எழுதியதைத் திரும்பப் படித்தால்தான் உண்மை தெரியும். பிழை சொல்லி நிறுத்துவதே மேல் என்பது என் கருத்து.

சிஸ்எஃப்எஸ்-இல் எழுதியது நிலைப்பதும் இல்லை. இரவில் மின்சாரம் போய் வந்தால் மறுதொடக்கத்தில் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். அதைத் திரும்ப எழுத, சாதனம் தென்படும்போது இயங்கும் யூடெவ் விதியோ தொடக்க நிரலோ தேவை. கொழுந்து வாட இரவு முழுக்கக்கூட ஆகலாம் என்பதால் தொட்டிக்கு இது சிறிய விஷயமன்று.

4. இடப்பங்கீடு

முகவரியும் கம்பி இணைப்பும் பலகையைச் செய்தவருக்குத் தெரியும். அவை டிவைஸ்ட்ரீக்கு உரியவை. ஒவ்வோர் உணரியின் தொடக்க வேகமும் துல்லியமும், சீரியல் போர்ட்டின் வேகத்தைப் போலவே, ஜெஃபிரில் அங்கேயே உணரிக்கொரு பண்பாக நிற்கலாம். கேகான்ஃபிக்குக்கு மிஞ்சுவது இயக்கியைச் சேர்ப்பதா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி. வானிலைக்கேற்ப மாற்ற வேண்டியதைத் தொட்டிக்கருகில் நிற்பவர் ஓடும் நேரத்தில் மாற்றட்டும். லினக்ஸில் டிவைஸ்ட்ரீக்குள் இத்தகைய விருப்பங்களை நுழைப்பதைப் பராமரிப்பாளர்கள் பொதுவாக எதிர்ப்பார்கள் என்பதால், அங்கே தொடக்க மதிப்பும் பயனர் பக்க நிரலின் பொறுப்பாகிறது.