கலைக் கல்லூரியும் அடுத்த வாசல் பட்டறையும்

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ நடுவழியில், பொன்மலை வேலாயுதசுவாமி எழுந்தருளியிருக்கும் குன்றின் அடிவாரத்தில் அமைந்த கிணத்துக்கடவு, கல்லூரிப் படிப்பைப் பொறுத்தவரை இரண்டு நகரங்களுக்கும் பொதுவானதோர் ஊர். 1915-ல் போத்தனூர்–பொள்ளாச்சி ரயில் பாதை திறக்கப்பட்ட பின்னர் வடக்கே கோயம்புத்தூருக்கும், 1957-ல் பொள்ளாச்சியில் கல்லூரி ஏற்பட்ட பின்னர் தெற்கேயும், இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் புத்தகமும் கையுமாகப் போய்வரலாயினர். அப்படிப் போகும் பிள்ளை சரித்திரமோ தமிழோ பொருளாதாரமோ எடுத்துக்கொண்டதாகச் சொன்னால், தோட்டத்து வரப்பில் நிற்கும் தகப்பனார், “ஏங் கண்ணு, அதப் படிச்சுப்போட்டு என்ன பண்றது?” என்று கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு விடை காண இந்தக் கொங்கு நாட்டிலேயே பெரியவர்கள் சிலர் முயன்ற வரலாறு, இன்று வேலைவாய்ப்புத் திறன் பற்றி மேடைதோறும் பேசுவோரில் பலருக்கு நினைவில்லை.

ஆங்கிலேயர் ஏற்படுத்திய கலைக்கல்வி உத்தியோகத்தை முன்னிட்டே பிறந்தது. 1852-ல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிப் பிற்பாடு அரசினர் கலைக்கல்லூரியாக வளர்ந்த கோயம்புத்தூர் ஸ்தாபனமும், அக்காலத்து ஏனைய கல்லூரிகளைப் போலவே, கச்சேரிக்கும் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆள் தயாரித்துக் கொடுத்தது. அதே ஊரில் 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலை நிறுவினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து சேர்ந்ததும் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. ஆயினும் கல்லூரிக்குள் அந்த இரைச்சல் எட்டவில்லை. தொழில் நடத்தியவர்களுள் பலர் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள். கல்லூரியில் படித்தவர்களோ தொழிலைத் தங்கள் தகுதிக்குக் குறைந்ததாகக் கருதியவர்கள். இரு சாராரும் ஒரே தெருவில் குடியிருந்தும் ஒருவரையொருவர் அறியாமல் வாழ்ந்தார்கள் என்பதே என் அபிப்பிராயம்.

இந்த இடைவெளியை முதலில் குறுக்க முற்பட்டது பீளமேட்டுக் குடும்பம் ஒன்று. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் புதல்வர் நால்வரும் பாகப் பிரிவினை செய்துகொண்டபோது, சொத்தை ஐந்து கூறாக்கி, ஐந்தாவது கூறைத் தர்மத்துக்கென்று ஒதுக்கி, 1926-ல் பி. எஸ். ஜி. தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார்கள். தர்மத்தை உடன்பிறந்தானாகப் பாவித்த அந்தப் பாகப் பத்திரத்திலிருந்து தொழிற்கூடம் ஒன்றும், 1947-ல் கலைக்கல்லூரியும், 1951-ல் தொழில்நுட்பக் கல்லூரியும் கிளைத்தன. பம்பும் மோட்டாரும் செய்யும் பட்டறை தொழில்நுட்ப மாணவருக்கு வகுப்பறையாயிற்று. அதே அறக்கட்டளையின் கலை மாணவருக்கோ, சென்னைச் சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தில் அந்தப் பட்டறைக்குச் செல்ல வழி எழுதப்படவில்லை. கொடுத்த கை ஒன்றாயிருந்தும், பெற்ற பிள்ளைகள் தனித்தனியே வளர்ந்தனர்.

ஜி. டி. நாயுடுவின் கதை வேறு தினுசு. பள்ளிப் படிப்பை முடிக்காத அவர், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை விட்டுத் தொழில் தொடங்கி, பெரிய போக்குவரத்து ஸ்தாபனமாக அதை வளர்த்தவர். 1945-ல் அன்றைய சென்னை மாகாணக் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரால் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையங்கள் தோன்றக் காரணராயிருந்து, நான்கு வருஷப் படிப்பு இளைஞனின் காலத்தை விரயமாக்குகிறது என்று வாதாடி, அரசாங்கம் இணங்காமற் போகவே விலகிக்கொண்டார். அவருடைய பிடிவாதத்தில் மிகையும் உண்டு. எல்லா ஞானத்தையும் சில மாதங்களில் புகட்டிவிட முடியாது. ஆனால் படித்தவன் தன் கையால் எதைச் செய்யக் கற்றான் என்று அவர் கேட்ட கேள்விக்குக் கலைக்கல்லூரிகள் விடை சொல்லாமலே காலம் கடத்தின.

விடை சொல்ல மெய்யாகவே முயன்றவர் தி. சு. அவினாசிலிங்கம். 1930-ல் அவர் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயம் பெரியநாயக்கன்பாளையத்தில் வேரூன்றியது. ராதாகிருஷ்ணன் தலைமையிலான சர்வகலாசாலைக் கல்விக் குழு, கிராமத்துக்கென்றே தனி உயர்கல்வி வேண்டும் என்று 1949-ல் சொன்னதன் பயனாக, 1956-ல் மத்திய அரசு நாட்டின் பல பகுதிகளில் கிராமியக் கல்வி நிலையங்களை ஏற்படுத்தியபோது, தமிழ்நாட்டில் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள காந்திகிராமத்துக்கும் பெரியநாயக்கன்பாளையத்துக்கும் அந்தப் பேறு கிட்டிற்று. அங்கே மூன்று வருஷ கிராம சேவை டிப்ளமாப் படிப்பில் சரித்திரமும் சமூக இயலும் கூட்டுறவும் கற்ற மாணவன், வகுப்பு முடிந்ததும் ஊருக்குள் போய் வீடு வீடாக விசாரித்துக் கணக்கெடுக்கவும், கூட்டுறவுச் சங்கத்தின் பேரேட்டைப் புரட்டிப் பார்க்கவும், கிராமத்தார் முன் எழுந்து நின்று பேசவும் கடமைப்பட்டிருந்தான். தொழில் முனைவு என்றும் திறன் மேம்பாடு என்றும் இன்று எவ்வளவோ செலவு செய்து போதிக்கப்படுவனவற்றில் பெரும்பகுதி, அந்தப் பாடத்திட்டத்தில் ஆரவாரமின்றி அடங்கியிருந்தது.

அது ஏன் நிலைக்கவில்லை? பட்டத்துக்குச் சமானம் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்டபோதிலும், மேற்படிப்புக்கு அதனை ஏற்கச் சர்வகலாசாலைகள் பல தயங்கின. பெண் கொடுக்கும் வீட்டாருக்கோ ‘பி. ஏ.’ என்ற இரண்டெழுத்தே பெரிதாயிற்று. வேறொரு காரணமும் உண்டு. 1953-ல் ராஜாஜி கொணர்ந்த அரைநாள் பள்ளித் திட்டம், குலத்தொழிலையே பிள்ளைகள் தலையில் கட்டுவதாகக் கண்டிக்கப்பட்டு, மறுவருஷமே காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அந்தக் கண்டனம் நியாயமானதே. எனினும் அதன் பிறகு தமிழ்நாட்டில் கல்வியோடு கைத்தொழிலைச் சேர்த்துப் பேசுவோர் எவரும் சந்தேகத்துக்கு ஆளாக நேர்ந்தது. தகப்பன் தொழிலைத் திணிப்பதும், விரும்பும் தொழிலை அறிமுகப்படுத்துவதும் வெவ்வேறு என்பதைப் பிரித்துச் சொல்ல அன்று பொறுமையுள்ளவர் அதிகமில்லை.

2022 மார்ச் முதல் தேதி தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் திறன் வகுப்புகளைக் கலைக்கல்லூரிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் கணினித் திரையில் கற்பவை எல்லா ஊருக்கும் ஒன்றாகவே இருக்கின்றன; ஊரிலுள்ளவற்றை அவை தொடுவதில்லை. கிணத்துக்கடவுத் தக்காளி மண்டியில், பெட்டி பெட்டியாகக் காய் இறங்கி, ஏலம் கூறி, கேரள வியாபாரியின் லாரியில் ஏறுவதற்குள், விலையை நிர்ணயிப்பவர் யார், கமிஷன் எவ்வளவு, காய் மிகுந்த நாளில் நஷ்டம் எவர் தலையில் விழுகிறது என்பதை விசாரித்து எழுதப் பொருளாதார மாணவனைக் காட்டிலும் தகுந்தவன் யார்? வரும் மலையாளியோடு இரு மொழியில் பேரம் பேசவும், விவசாயிக்குப் புரியும் தமிழில் ஒப்பந்தம் எழுதவும் மொழி மாணவனுக்கன்றோ கைவரும்! எழுதவும் கேட்கவும் பலதரப்பட்ட சாட்சியங்களை எடைபோடவும் பழகிய கலை மாணவனிடம் முதல் இல்லை என்று சொல்வது அறியாமை. அந்த முதலைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியைத்தான் நாம் அடைத்துவைத்திருக்கிறோம்.

ஆகவே பாரதியார் பல்கலைக்கழகத்தாரும் அதன் கல்லூரி முதல்வர்களும் ஒன்று செய்யலாம். பெரியநாயக்கன்பாளையத்தின் பழைய டிப்ளமாப் பாடத்திட்டத்தைத் தேடியெடுத்து, கலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவம் உள்ளூர் மண்டியிலோ பட்டறையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ கூலி பெற்று வேலை பார்த்து, அதைப் பற்றித் தமிழில் எழுதும் அறிக்கைக்கு, முக்கிய பாடத்துக்கு நிகரான மதிப்பெண் வழங்கட்டும்.