பண்டமாற்றும் பற்றேடும்: மலையக வரலாற்றினூடாக ஒரு நோக்கு

பண்டமாற்று என்பது நாணயம் தோன்றுவதற்கு முற்பட்ட காலத்துக்குரிய வாணிப முறை என்றும், நாணயம் புழக்கத்துக்கு வந்ததும் அது தானாகவே வழக்கொழிந்துவிட்டது என்றும் கூறுவது பொருளியற் பாடநூல்களின் மரபு. உமணர் உப்பு வண்டிகளுடன் ஊர்தோறும் சென்று உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்ற சங்ககாலக் காட்சி இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவதும் உண்டு. ஆனால் 2021 டிசம்பரில் இலங்கையும் ஈரானும் கைச்சாத்திட்ட உடன்பாடு ஒன்று இக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்குகின்றது. ஈரானிய தேசிய எண்ணெய்க் கம்பனியிடம் பெற்ற எண்ணெய்க்காக இலங்கை செலுத்தவேண்டியிருந்த 251 மில்லியன் டொலர் கடனை, மாதந்தோறும் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையால் தீர்ப்பது என்பதே அவ்வுடன்பாடு. நாணயம் எங்கெல்லாம் கிடைக்காமற் போகின்றதோ அங்கெல்லாம் பண்டமாற்று மீண்டும் தலைதூக்குகின்றது என்பதே வரலாறு காட்டும் உண்மையாகும்.

அந்தத் தேயிலை விளைவது மஸ்கெலியா, நல்லதண்ணி, பொகவந்தலாவை, அக்கரப்பத்தனை போன்ற மலைச்சரிவுகளில். அங்கு வாழும் மக்களுக்குப் பண்டமாற்று புதியதன்று. உழைப்பைக் கொடுத்து அரிசியைப் பெறும் கணக்கில் அவர்களின் முன்னோர் பல தலைமுறைகளாக வாழ்ந்தனர். ஆகவே, பண்டமாற்று வலையம் ஒன்றிற் சேர்வதால் வாணிபத்துக்கு என்ன பயன் என்ற வினாவை ஆராய்வதற்கு மலையகத்தைப் போல் பொருத்தமான களம் பிறிதொன்று இல்லை எனலாம்.

இருவர் நேருக்குநேர் பண்டம் மாற்றும்போது எழும் இடர்ப்பாடு யாவரும் அறிந்ததே. தச்சனுக்கு அரிசி தேவை; அரிசிக்காரருக்கோ கதிரை தேவையில்லை. இவ்விடர்ப்பாட்டை நீக்க உதவுவது மூன்றாமவரின் கணக்கேடு. தச்சன் யாரோ ஒருவருக்குக் கதிரை செய்து கொடுத்தால் அவன் பெயரில் வரவு எழுதப்படும். அவ்வரவைக் கொண்டு அவன் வேறொருவரிடம் அரிசி பெறலாம். 1934 இல் உலகப் பொருளாதார மந்தம் கடுமையாக இருந்த வேளையில், சுவிற்சர்லாந்தில் வேர்னர் சிம்மர்மன், பவுல் என்ஸ் ஆகியோர் இக்கணக்கேட்டையே அடிப்படையாகக் கொண்டு ‘வீர்’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தோற்றுவித்தனர். ஜெர்மன் மொழியில் இச்சொல்லுக்கு ‘நாம்’ என்ற பொருளும் உண்டு. அதன் கணக்கிலுள்ள ஒரு பிராங்க், சுவிஸ் பிராங்க் ஒன்றுக்குச் சமமாக மதிக்கப்பட்டது. ஆனால் அதைக் காசாக மாற்ற முடியாது, வலையத்தினுள்ளேயே செலவிடவேண்டும். சிறு தொழிலதிபர்களே இதன் உறுப்பினராயினர். நாட்டில் வாணிபம் தளர்ந்த ஆண்டுகளில் இவ்வலையத்தின் புழக்கம் உயர்ந்ததென ஜேம்ஸ் ஸ்டோடர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் பின்னாளிற் காட்டினார். காசு அருகும்போது விற்காமற் கிடக்கும் சரக்கும், வேலையின்றி இருக்கும் கைகளும் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கு அது வழிசெய்தது.

மலையகத்தில் தோன்றிய கணக்கேடு இதற்கு நேர்மாறானது.

கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்திலிருந்தே தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. தமிழகக் கிராமத்தில் முன்பணம் கொடுத்து அழைத்துவந்த நாளிலேயே தொழிலாளியின் பெயரிற் கடன் எழுதப்பட்டது. 1869 இல் கோப்பியிலை நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளிற் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும் இக்கணக்கு முறை மாறவில்லை. சம்பளம் மாத முடிவில். அதுவும் உரிய காலத்திற் கிடைப்பது அரிது. ஆனால் வயிறு மாத முடிவுவரை காத்திராது. ஆகவே தோட்ட நிருவாகம் அரிசியைக் கடனாக அளந்து கொடுத்து, அதன் விலையைச் செக்ரோலில் கழித்துக்கொண்டது. பர்மாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த அரிசி, கொழும்பு வணிகரின் கைமாறி, கரத்தைகளிலும் பின்னர் புகைவண்டியிலும் மலையேறி, லயத்துக் காம்பிராவில் உலையேறும்போது அது உழைப்புக்கு ஈடான பண்டமாகிவிட்டது. அதன் விலையை எழுதியவரும், உழைப்பின் விலையை எழுதியவரும் ஒருவரே.

இங்கு ஒன்றை நடுநிலையுடன் கூறவேண்டும். அரிசி விலை திடீரென உயர்ந்த காலங்களில், குறிப்பாக முதலாம் உலகப்போர் முடிந்தபின் ஏற்பட்ட நெருக்கடியின்போது, நிலையான விலைக்கு அரிசி கிடைத்தமை தொழிலாளிக்குக் காப்பாகவும் அமைந்தது. தோட்டத்துரைமார் இதையே தம் வாதமாகக் கொண்டனர். ஆயினும் சம்பளம் அதற்கேற்பத் தாழ்த்தியே வைக்கப்பட்டிருந்தது என்பதை அவ்வாதம் கணக்கிற் கொள்வதில்லை. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம்கூட அரிசியைச் சம்பளத்திலிருந்து பிரிக்கவில்லை. அதன்கீழ் 1929 இல் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என விதிக்கப்பட்டபோது, புசல் அரிசி 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படாமல் வழங்கப்படும் என்ற கணக்கு அதனுடன் சேர்ந்தே இருந்தது.

இதனினும் கவனிக்கற்பாலது ‘துண்டு’ முறை. கங்காணி தன் ஆட்களுடன் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று துரை ஒரு துண்டு எழுதிக் கொடுப்பார். ஆள் தேவைப்படும் மற்றொரு துரை அத்தொகையைச் செலுத்திக் குழுவை எடுத்துக்கொள்வார். கடன் அங்கே பெயரும். அடுத்த துண்டு எழுதப்படும்போது அது பெருத்திருக்கும். நன்கு நோக்கினால், தோட்ட நிறுவனங்கள் தமக்குள் வைத்திருந்த ஒரு மாற்று வலையமே இது என்பது புலனாகும். ஒரு தோட்டத்தில் மிகுந்த ஆட்பலம், குறைந்த தோட்டத்துக்கு ஒரு காகிதத்தின் வழியே நகர்ந்தது. வலையம் ஒன்றிற்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அதில் இருந்தன: மாற்றத்தக்க பத்திரம், ஏற்கும் உறுப்பினர், தொடர்ந்து செல்லும் கணக்கு. மாற்றப்பட்ட பண்டம் மட்டும் மனிதர். 1921 இல் இம்முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

1942 இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அரிசி வரும் பாதை அடைபட்டது. பங்கீடு நடைமுறைக்கு வந்தது. தேயிலையும் இறப்பரும் விற்று அரிசி வாங்கும் நாடு எத்துணை மெல்லிய இழையிலே தொங்குகின்றது என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. அந்த அச்சமே பத்தாண்டுகளின்பின் ஒரு பெரும் பண்டமாற்றுக்கு இட்டுச்சென்றது.

கொரியப் போரின் தொடக்கத்தில் ஏறிய இறப்பர் விலை 1952 இல் சரிந்தது. அதேவேளை உலகச் சந்தையில் அரிசி தட்டுப்பாடாகி விலை ஏறியது. சீனாவுக்கு இறப்பர் வேண்டும்; ஆனால் 1951 இல் ஐக்கிய நாடுகள் சபை விதித்த தடையால் அதைப் பெற வழியில்லை. இலங்கை 1955 வரை அச்சபையில் உறுப்பினரல்ல. எனவே அத்தடை இலங்கையைக் கட்டுப்படுத்தவில்லை. சபைக்குள் நுழைய முடியாமல் வாயிலில் நிறுத்தப்பட்டிருந்ததே வாய்ப்பாகியது என்பது வரலாற்றின் ஒரு வேடிக்கை. 1952 டிசம்பர் 18 ஆம் திகதி, வாணிப அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்கவின் முயற்சியால் பீக்கிங்கில் இறப்பர்–அரிசி உடன்படிக்கை கைச்சாத்தாகியது. ஆண்டுக்கு 50,000 மெற்றிக் தொன் இறப்பர் போகும். 270,000 மெற்றிக் தொன் அரிசி வரும். சீனா இறப்பருக்குச் சந்தை விலையினும் கூடிய விலை தந்தது. இரு நாடுகளுக்குமிடையே இராசதந்திர உறவுகூட 1957 இலேயே ஏற்பட்டது. கணக்கு உறவு அதற்கு ஐந்தாண்டு முந்தியது. அமெரிக்கா தன் உதவியை மறுத்தது. ஆயினும் உடன்படிக்கை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு 1982 வரை நீடித்தது.

இலங்கை இதில் பயன்பெற்றதன் காரணம் யாது? தொழிலாளியைப் போலவே இலங்கைக்கும் அரிசி அவசரத் தேவைதான். ஆனால் எதிர்த்தரப்பின் தேவையும் அவ்வளவு அவசரமானதாக இருந்தது. இரு பண்டங்களின் விலையும் பேசித் தீர்மானிக்கப்பட்டது, அளவு எழுதப்பட்டது, ஐந்தாண்டு முடிவில் வெளியேறும் உரிமை இருவருக்கும் இருந்தது. லயத்துப் பற்றேட்டில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததில்லை.

எனினும் நாட்டுக்கு வந்த பயன் எல்லோருக்கும் ஒரே அளவில் இறங்கிவிடவில்லை. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த 1953 இலேயே பங்கீட்டு அரிசியின் விலை கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டு, ஆகஸ்டு 12 ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. மலையகத் தமிழருட் பெரும்பாலோர் 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தாலும் அதைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தாலும் வாக்குரிமை இழந்து, 1952 தேர்தலில் பங்குபற்ற முடியாதவராயிருந்தனர். அவர்கள் பறித்த கொழுந்தும் வெட்டிய இறப்பர்ப் பாலும் நாட்டின் கொள்வனவுச் சக்தியாயின. அதைக் கொண்டு எதை வாங்குவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற பேச்சில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளில் பங்கீடு குறைக்கப்பட்டு மாவும் சீனியும் அருகியபோது தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. சீன உடன்படிக்கை அப்போதும் நடைமுறையிலேதான் இருந்தது.

ஈரானிய உடன்பாடு இவ்வரிசையில் அண்மையது. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையம் ஈரானிய மசகெண்ணெய்க்கு ஏற்ப அமைக்கப்பட்டது. ஈரான் இலங்கைத் தேயிலையை விரும்பி வாங்கும் நாடு. அமெரிக்கத் தடைகளால் டொலரிற் பணம் செலுத்தும் வழி அடைபட்டமையால் எண்ணெய்க் கடன் தேங்கியது. உணவுப்பொருளான தேயிலை தடைக்குட்படவில்லை. ஏற்பாடு எளிமையானது: ஏற்றுமதியாளர் தேயிலையை ஈரானுக்கு அனுப்புவார், கடன்பட்ட பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பணத்திலிருந்து அவருக்கு ரூபா வழங்கப்படும். டொலர் எங்கும் கைமாறுவதில்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்த நாட்டுக்கு இது சிறு நிம்மதியன்று.

ஆனால் நடைமுறை மெதுவாகவே சென்றது. 2024 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 20 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையே இவ்வகையிற் சென்றிருந்தது. கடனில் பத்திலொரு பங்குகூட அன்று. 2021 இன் இரசாயன உரத் தடையால் விளைச்சல் வீழ்ந்து, 2022 இல் உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவாகக் குறைந்ததையும் இங்கு நினைவுகொள்ள வேண்டும். மேலும், இக்கணக்கில் தேயிலை டொலரில் மதிக்கப்படுகின்றது. கொழுந்து பறிப்பவரின் கூலியோ ரூபாவில். 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபா என நிர்ணயிக்கப்பட்டபோது அது ஏறக்குறைய ஐந்து டொலருக்குச் சமம். அடுத்த ஆண்டு ரூபா வீழ்ந்து டொலர் 360 ரூபாவைத் தொட்டபோது அதே கூலி மூன்று டொலருக்கும் கீழே இறங்கியது.

அரசுகளின் கணக்கிலிருந்து சிறு வணிகரின் கணக்குக்கு வந்தால், நல்லதண்ணியே தக்க உதாரணமாகும். சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் முழுமதியில் தொடங்கி மே மாத வெசாக்குடன் முடிவடைகின்றது. அந்த ஆறு மாதம் அடிவாரக் கடைகளிலும் விடுதிகளிலும் இரவென்றும் பகலென்றும் இல்லை. எஞ்சிய ஆறு மாதம் மழையும் காற்றுமே; அறைகள் வெறுமனே கிடக்கும், வாகனங்கள் நிற்கும். வெறுமனே கிடக்கும் அறையொன்றை ஓர் இரவுக்குக் கொடுப்பதால் விடுதிக்காரருக்கு ஆகும் செலவு சொற்பம். அதே காலத்தில் அவருக்குக் கூரை திருத்தும் தச்சர் வேண்டும், வண்ணம் பூசுபவர் வேண்டும், அடுத்த பருவத்துக்கான அச்சுவேலை வேண்டும். ஹற்றனிலோ கண்டியிலோ உள்ள அச்சகத்தாருக்கும் ஓய்ந்திருக்கும் நாட்கள் உண்டு. இவர்கள் அனைவரும் ஒரு கணக்கேட்டில் சேர்ந்தால், வங்கிக்கு வட்டி கட்டாமலும் கையிலுள்ள காசைத் தொடாமலும் பல அலுவல்கள் முடியும். புதிய வாடிக்கையாளர் வருவது அதற்கு மேலான ஆதாயம்.

ஆனால் இது தானாக நிகழாது. வலையத்தினுள் சொல்லும் விலை, காசுக்குச் சொல்லும் விலையாகவே இருக்கவேண்டும். ‘வரவுக்குத்தானே’ என்று விலையை ஏற்றுபவர் ஏட்டையே பொய்யாக்குகின்றார். வாங்கிக்கொண்டே இருந்து எதையும் விற்காத உறுப்பினருக்கு எல்லை வகுக்கவேண்டும். எல்லாரும் விரும்பும் பண்டத்தை விற்று, செலவிட வழியின்றி வரவைக் குவிப்பவரும் சலித்து வெளியேறுவார். காசு கைமாறவில்லை என்பதால் வருமானம் இல்லையென்று ஆகிவிடாது, வரியும் உண்டு. சிறிய ஊரொன்றில் எல்லாருக்கும் ஒரே காலத்திலேயே ஓய்வும் நெருக்கடியும் வருவதால், நல்லதண்ணி வணிகர் தமக்குள் மட்டும் வலையம் அமைப்பது பயனற்றது. ஹற்றன், நுவரெலியா, கண்டி எனப் பருவம் வேறுபடும் இடங்களைச் சேர்த்துக்கொண்டாலொழிய அது இயங்காது.

இத்தகைய திட்டங்களில் தோட்டத் தொழிலாளரை யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஊர்க் கடைக்காரரின் மிகப் பெரிய கணக்கு அவர்களுடையதே. சம்பளம் வரும்வரை அரிசியும் மாவும் கொப்பியில் எழுதப்படுகின்றன. லயத்தருகே மரக்கறி பயிரிட்டு, மாடு வளர்த்துப் பால் கறக்கும் குடும்பங்கள் அவற்றைக் கடைக்குக் கொடுத்துப் பற்றைக் குறைத்துக்கொள்ளவும் கூடும். அவ்வாறு நேருமிடத்து அது முழுமையான பண்டமாற்றே. அப்போது கத்தரிக்காயின் விலையை எழுதுபவர் யார், மாவின் விலையை எழுதுபவர் யார் என்ற பழைய கேள்வி அங்கும் எழுகின்றது. கொப்பி இரண்டு பிரதிகளாக, ஒன்று கடையிலும் மற்றது வீட்டிலும் இருக்குமானால் அக்குடும்பத்துப் பிள்ளை பள்ளியிற் கற்ற கூட்டல் கழித்தலைக் கொண்டு அதைச் சரிபார்த்துவிடும். கடையில் மட்டும் ஒரே கொப்பி இருக்குமானால், சம்பள நாளன்று கடைக்காரர் வாசிக்கும் தொகையே தொகை.